அண்ணன் கழுத்தளவு

எங்கள் பட்டறையில் பொம்மை கிடையாது. சட்டை தைக்கிற பெரிய இடங்களில் தலையில்லாத பொம்மை ஒன்றை நிறுத்தி, மாதிரிச் சட்டையை அதற்கு மாட்டிப் பார்ப்பார்கள். எங்களுக்கு அந்த வேலையை என் அண்ணன் செய்தான். தலையும் இருந்தது, தலையில் வாயும் இருந்தது, தொந்தரவு அது ஒன்றுதான் என்பாள் அண்ணி.

மூன்று மாடிக் கட்டடத்தின் மேல் தளம். ஒரு நீள மேசை, மூன்று மெஷின், ஜன்னலோரம் இஸ்திரி மேசை. அண்ணி துணி வெட்டுவாள். நான் காலரும் கைப்பட்டியும் தைப்பேன். வேலைக்கு வருகிற இரண்டு பெண்கள் உடம்பையும் கையையும் சேர்ப்பார்கள். அண்ணன் இஸ்திரி போட்டு மடித்து, பெட்டியில் அடுக்கிக் கடைகளுக்குக் கொண்டுபோவான். நடுத்தர அளவு என்று சட்டைக்காரர்கள் சொல்வது அச்சு அசலாக அவன் உடம்புதான். அதிலேயே அவனுக்குக் கொஞ்சம் கர்வம். உலகத்தில் பாதிப் பேர் என்னை மாதிரிதான் இருக்கிறார்கள் என்று சொல்லிக்கொள்வான். பாதிப் பேர் அவ்வளவு சோம்பேறி இல்லை என்று நான் சொல்வேன்.

புதுத் துணி வந்தால் அண்ணி முதலில் ஒரே ஒரு சட்டை தைக்கச் சொல்வாள். அதை அண்ணனுக்குப் போட்டு, மேல் பொத்தானைப் பூட்டி, காலருக்குள் இரண்டு விரலை விடுவாள். இரண்டு விரல் தாராளமாகப் போக வேண்டும், மூன்றாவது போகக் கூடாது. இறுக்கினால் அளவு அட்டையில் ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், கூட்டுவாள். அதற்குப் பிறகு அந்த அட்டைதான் வேதவாக்கு, அதை வைத்து மளமளவென்று வெட்டித் தள்ளுவாள்.

போன வருஷத்திலிருந்து கடைகளில் புகார் வர ஆரம்பித்தது. உடம்பு சரியாக இருக்கிறது, கை சரியாக இருக்கிறது, கழுத்து மட்டும் தொளதொள என்று இருக்கிறது என்றார்கள். பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தது. அண்ணி சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என் பக்கம் வந்தாள்.

"நீ தைக்கும்போது துணியை இழுக்கிற. அதான் காலர் நீண்டுபோகுது."

"நான் இழுக்கல அண்ணி. வெட்டினதே அப்படித்தான் இருக்கு."

"என் அட்டை என்னிக்கும் தப்பினதில்ல."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். காலருக்குள் வைக்கிற பக்ரம் துணியை இன்னும் விறைப்பான ரகமாக மாற்றிப் பார்த்தேன். தையலைப் பிரித்து மறுபடி தைத்தேன். அடுத்த பெட்டியும் திரும்பி வந்தது. அதன்பிறகு அண்ணியும் நானும் நேராகப் பேசிக்கொள்ளவில்லை. 'கத்தரி வேணும்னு சொல்லு', 'நூல் தீர்ந்துபோச்சுன்னு சொல்லு' என்று வேலைக்காரப் பெண்கள் வழியாகத்தான் எல்லாம் நடந்தது. எங்கள் சண்டையில் எப்போதும் நடுவில் புகுந்து கேலி பேசிக் கலைத்துவிடுகிற அண்ணன், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாயைத் திறக்கவே இல்லை. தலையைக் குனிந்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். அந்தச் சமயத்தில்தான் தாடி வேறு வளர்த்தான். தொண்டை வரை இறங்குகிற அடர்த்தியான தாடி. வயசாகிவிட்டதை மறைக்கிறாயா என்று கிண்டல் செய்தேன், சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

இன்னொரு பெட்டி திரும்பி வந்த காலையில் எனக்குப் பொறுமை போய்விட்டது. பரணில் ஏறி, புகாரே இல்லாத காலத்தில் தைத்த நடுத்தர அளவுச் சட்டை ஒன்றை எடுத்துவந்து அண்ணனிடம் நீட்டினேன்.

"இதைப் போடு."

"இப்ப எதுக்கு? வேலை கிடக்கு."

"போடுன்னா போடு."

போட்டான். கீழிருந்து எல்லாப் பொத்தானையும் பூட்ட முடிந்தது. மேல் பொத்தான் மட்டும் அதன் துளைக்கு எட்டவில்லை.

"உங்க அண்ணன் சதை போட்டுட்டார்," என்றாள் அண்ணி, வேலைக்காரப் பெண்ணைப் பார்த்து.

நான் டேப்பை உருவினேன். மார்பைச் சுற்றினேன், அதே அளவு. இடுப்பைச் சுற்றினேன், அதே அளவு. எனக்கு உச்சி குளிர்ந்தது.

"பார்த்துக்குங்க அண்ணி! நான் இழுக்கவும் இல்ல, துணி நீளவும் இல்ல. இவன் கழுத்துதான் பெருசாயிருக்கு. நீங்க பாட்டுக்கு ஒவ்வொரு தடவையும் அந்தக் கழுத்துக்கு ஒரு நூல், ஒரு நூல்னு அட்டையைக் கூட்டிக்கிட்டே போயிருக்கீங்க!"

இரண்டு கையையும் தட்டினேன். அந்தப் பெண்களும் சிரித்தார்கள். அண்ணி சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. அண்ணனின் காலருக்குள் வழக்கம் போல இரண்டு விரலை விட்டவள் அதை எடுக்காமல் நின்றாள். இன்னொரு கையால் அவன் தாடியை மெதுவாக ஒதுக்கினாள்.

"என்னங்க இது?"

"அது கட்டியெல்லாம் ஒண்ணும் இல்ல," என்றான் அண்ணன்.

கட்டி என்ற வார்த்தையை அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான். நானும் தொட்டுப் பார்த்தேன். தொண்டைக்குச் சற்று வலப்பக்கம், பெரிய கோலிக்குண்டு அளவுக்கு, தோலுக்கு அடியில் உருண்டையாக இருந்தது. சற்று முன் தட்டிய கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வாழ்க்கையில் நான் ஜெயித்த சண்டைகள் நிறைய, தோற்றிருக்கக் கூடாதா என்று நினைத்தது இது ஒன்றுதான்.

"எப்பலேர்ந்து இருக்கு?"

"இருக்கும்... ஒரு வருஷத்துக்கு மேல. வலி கிலி எதுவும் இல்ல. வந்த மாதிரியே போயிடும்."

"ஒரு வருஷமா! நானும் அண்ணியும் முகம் கொடுத்துப் பேசல. நீ பக்கத்துல நின்னு இஸ்திரி போட்டுக்கிட்டு இருந்த, இல்ல? கல்நெஞ்சக்காரா."

"நீங்க ரெண்டு பேரும் என்னிக்காவது சேர்ந்துக்குவீங்க," என்றான். "ஆஸ்பத்திரிக்குப் போனா..." அதற்கு மேல் சொல்லாமல் சட்டையைக் கழற்ற ஆரம்பித்தான்.

அண்ணி சத்தம் போடுகிறவள் இல்லை. மெஷின்களின் சுவிட்சை ஒவ்வொன்றாக அணைத்தாள். "நாளைக்குப் பட்டறை லீவு. நீயும் வா," என்றாள் என்னிடம் நேராக.

காது மூக்கு தொண்டை டாக்டர் நடுவயதுப் பெண்மணி. அவசரமே இல்லாத குரல். கழுத்தை அவர் உடனே தொடவில்லை, கேள்விகளைத்தான் முதலில் கேட்டார். எவ்வளவு நாளாக இருக்கிறது, திடீரென்று வீங்கியதா, மெல்ல மெல்ல வளர்ந்ததா, காய்ச்சல் வந்ததா, இருமல் விடாமல் இருக்கிறதா, இரவில் வேர்க்கிறதா, உடம்பு இளைத்ததா, குரல் மாறியதா, விழுங்கும்போது அடைக்கிறதா, புகையிலை உண்டா, சின்ன வயதில் கழுத்துக்குக் கதிர்வீச்சு வைத்தியம் ஏதாவது நடந்ததா. ஒரு வருஷத்துக்கு மேல் என்று சொன்ன அண்ணன், மற்றதற்கெல்லாம் தலையை இடவலமாக ஆட்டிக்கொண்டே இருந்தான். மெல்ல வளர்ந்தது என்பதற்கு மட்டும் நான் சாட்சி சொன்னேன். நூல் நூலாகத்தான் டாக்டர் வளர்ந்திருக்கிறது என்று காலர் கதையைச் சொன்னதும் அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"இவ்வளவு துல்லியமா யாரும் வந்து சொன்னதில்லம்மா. மெதுவா வளர்ந்ததுன்னு தெரியறது ஒரு நல்ல விஷயம்தான். ஆனா அதை மட்டும் வச்சு முடிவு பண்ண முடியாது."

பிறகு டார்ச்சை எடுத்து வாயைத் திறக்கச் சொன்னார். பல்லைப் பார்த்தார், நாக்கைத் தூக்கச் சொல்லி அடியில் பார்த்தார், காதுக்குள் பார்த்தார், முடியை விலக்கித் தலைத்தோலைப் பார்த்தார். கழுத்துக்கு வந்தவனை மாடு வாங்குகிற மாதிரி பல்லைப் பிடித்துப் பார்க்கிறாரே என்று எனக்குத் தோன்றியது. முகத்தில் தெரிந்துவிட்டது போலிருக்கிறது.

"கழுத்துல கட்டின்னா காரணம் கழுத்துலதான் இருக்கணும்னு இல்லம்மா. சொத்தைப் பல் இருந்தாலும் நெறி கட்டும், தலையில புண் இருந்தாலும் கட்டும். சளி காய்ச்சல்ல கட்டினது ரெண்டு மூணு வாரத்துல தானா வத்திடும். காசநோயிலயும் வரும். எச்சில் சுரக்கிற சுரப்பி வீங்கலாம். பிறக்கும்போதே இருந்த நீர்க்கட்டி பெரியவனானப்புறம் வெளியே தெரியலாம். சிலது புற்றாவும் இருக்கலாம். அதனால எல்லா வாசலையும் தட்டிப் பார்க்கிறேன்."

ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்துக் குடிக்கச் சொல்லிவிட்டு, அவன் விழுங்கும்போது கழுத்தையே பார்த்தார். எங்களையும் பார்க்கச் சொன்னார். கட்டி தொண்டையோடு சேர்ந்து மேலே ஏறி இறங்கியது. "தைராய்டுல இருக்கு," என்றார். "பெரும்பாலும் இது சாதுவான கட்டியாத்தான் இருக்கும். வீட்டுல வேற யாருக்காவது கழுத்துல பிரச்சினை இருந்ததா?"

"இல்ல," என்றான் அண்ணன்.

"இருந்தது டாக்டர்," என்றேன் நான். "எங்க அப்பாவுக்கு."

அண்ணன் தரையைப் பார்த்தான். அப்பா புகையிலை போடுவார், வாயில் ஆறாத புண் இருந்தது, பிறகு தாடைக்குக் கீழே கல் மாதிரி ஒரு கட்டி வந்தது என்று நான் சொன்னேன். அது வேறு வழி, வாயில் இருந்தது நெறிக்கு இறங்கியிருக்கும், இதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது என்றார் டாக்டர். "கட்டியில ஊசி போட்டு டெஸ்ட் எடுத்தாங்களா அவருக்கு?"

"டாக்டருங்க கைவிட்டுட்டாங்களாம். நான் அப்ப கைக்குழந்தையோட வெளியூர்ல இருந்தேன்."

ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் அன்றைக்கே முடிந்தன. ரத்தத்தில் எல்லாம் சரியாக இருந்தது. ஸ்கேனில் பாதி நீரும் பாதி சதையுமாக ஒரு கட்டி தெரிந்தது. அளவு பெரிதாக இருப்பதால் மெல்லிய ஊசியைச் செலுத்திக் கொஞ்சம் எடுத்துப் பரிசோதித்துவிடலாம் என்றார் டாக்டர். அண்ணன் எழுந்து நின்று சட்டைப் பொத்தானைப் போட ஆரம்பித்தான்.

"குத்தினா பரவிடும்னு சொல்றாங்களே."

"ரத்தம் எடுக்கிற ஊசியைவிடச் சன்னமான ஊசி. குத்தினதால பரவின கட்டியை நான் பார்த்ததில்ல. குத்தாம விட்டு, முத்தினப்புறம் கொண்டுவந்தவங்களை நிறையப் பார்த்திருக்கேன்."

அவர் அதைக் கடிந்துகொண்டு சொல்லவில்லை, ஸ்கேன் படத்தை உறையில் போட்டபடி சாதாரணமாகத்தான் சொன்னார். அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. ஊசிப் பயம் என்று நினைத்தேன். "யோசிச்சுட்டு வரேன்," என்று சொல்லி, எங்களுக்கு முன்னால் படியிறங்கிப் போய்விட்டான்.

அந்த வாரம் முழுக்க நான் அவனைத் திட்டினேன். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பவனிடம் திட்டு என்ன செய்யும்? கெஞ்சிப் பார்த்தேன். என் பிள்ளைகளை விட்டுப் பேசச் சொன்னேன். அவன் பாட்டுக்குச் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தான். அண்ணி மட்டும் எதுவும் சொல்லவில்லை. ஒரு நாள் மதியம் ரொட்டியும் டீயுமாக மூன்று பேரும் உட்கார்ந்திருந்தபோது, தம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"வலிக்கும்னு பயமா?"

"இல்ல."

"பரவிடும்னு பயமா? அதுக்குத்தான் டாக்டர் பதில் சொல்லிட்டாங்களே."

அவன் ரொட்டியை டீயில் தோய்த்தான்.

"அப்ப வேற என்னமோ இருக்கு. அது என்னன்னு நான் கேக்க மாட்டேன். ஆனா எனக்கு நீங்க வேணும். அவ்வளவுதான் சொல்லுவேன்."

டீயைக் குடித்துவிட்டு அவள் வெட்டு மேசைக்குப் போய்விட்டாள். அண்ணன் மூன்று தம்ளர்களையும் கழுவி வைத்தான். மறுநாள் அவனே சட்டை மாற்றிக்கொண்டு வந்து, போகலாமா என்று கேட்டான்.

ஊசி போட்டது டீ ஆற்றுகிற நேரம்கூட ஆகவில்லை. ஸ்கேன் திரையில் பார்த்துக்கொண்டே போட்டார்கள். கழுத்தில் சின்னப் பிளாஸ்திரியோடு வெளியே வந்தவன், "இவ்வளவுதானா?" என்று கேட்டான். அவன் கேட்ட விதத்தில் நிம்மதி இல்லை, ஏதோ ஏமாந்தவன் மாதிரி கேட்டான். முடிவு வருகிற வரைக்கும் நாங்கள் மூன்று பேரும் வேலையில் மூழ்கிக் கிடந்தோம். அண்ணி நேராக என்னிடம் பேசினாள், நானும் பேசினேன். சண்டையை யார் முதலில் விட்டது என்று இரண்டு பேருக்கும் ஞாபகம் இல்லை. நான் மட்டும் தைத்த காலரையே பிரித்து மறுபடி தைத்துக்கொண்டிருந்தேன். பயந்து கிடந்தேன் என்பதுதான் உண்மை.

முடிவு நல்லதாக வந்தது. புற்று இல்லை. அறுவை சிகிச்சைகூட வேண்டாம், சில மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்து வளர்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும், குரல் மாறினாலோ விழுங்கச் சிரமமாக இருந்தாலோ அதற்கு முன்னாலேயே வரலாம் என்றார் டாக்டர். அண்ணி கையெடுத்துக் கும்பிட்டாள். அடுத்த ஸ்கேனுக்கு நாள் வாங்கக் கீழே போனாள். நானும் அண்ணனும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். உடம்பெல்லாம் லேசாகிவிட்டது எனக்கு. திரும்பிப் பார்த்தால் அண்ணன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தான்.

"ஏய், என்ன இது? நல்ல சேதிதானே சொன்னாங்க?"

"அப்பாவுக்கும் ஊசி போடணும்னு சொன்னாங்க."

எனக்கு உடனே புரியவில்லை.

"கைவிட்டுட்டாங்கன்னு சொன்னியே?"

"அது நான் சொன்னது. அவங்க சொல்லல. ஊசி டெஸ்ட் எடுத்துட்டு மேல பார்க்கலாம்னுதான் சொன்னாங்க. அப்பா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, குத்த விடாதடா, குத்தினா பரவிடும்டான்னார். நானும் நம்பினேன். வைத்தியம் வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டேன்."

வராந்தாவில் யாரோ சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அது கடந்ததும் அவன் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினான்.

"இந்த ஊசியால எனக்கு ஏதாவது ஆகியிருந்தா, அன்னிக்கு நான் செஞ்சது சரின்னு ஆகியிருக்கும். ஒண்ணுமே ஆகல பாரு. ஒண்ணுமே ஆகல."

எனக்குக் கோபம்தான் வந்தது. அதை மறைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் பொய்யை நம்பியிருக்கிறேன். அப்பாவைக் கடைசியாகப் பார்க்கக்கூட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை, விதி என்று சொல்லி மனதை ஆற்றிக்கொண்டிருந்தேன். எழுந்து நேரே டாக்டர் அறைக்குள் போனேன். அடுத்த ஆள் உள்ளே உட்கார்ந்திருந்தார், அதையும் பார்க்காமல் கேட்டேன்.

"அப்பவே ஊசி போட்டிருந்தா எங்க அப்பா பிழைச்சிருப்பாரா டாக்டர்?"

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அவரை நான் பார்க்கலம்மா. நீங்க சொன்னதை வச்சுப் பார்த்தா, வைத்தியம் பண்ணியிருந்தாலும் கஷ்டமான கட்டம்தான். சில பேர் பிழைப்பாங்க, சில பேர் பிழைக்க மாட்டாங்க. என்னால சொல்ல முடியாது."

வெளியே வந்தேன். அண்ணன் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றுகொண்டிருந்தான். நான் எதற்குப் போனேன் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

"என்ன சொன்னாங்க?"

"சொல்ல முடியாதுன்னாங்க."

தலையை ஆட்டினான். "கோபமா இருக்கியா?"

"ஆமா. ரொம்ப."

"இருக்கட்டும்," என்றான். அடிக்குக் கன்னத்தைக் கொடுத்துவிட்டு நிற்கிற சின்னப் பையன் மாதிரி அசையாமல் நின்றான். சொல்வதற்கு எனக்கு எத்தனையோ இருந்தது. எல்லாமே நியாயமானதும்கூட. ஆனால் அப்பாவின் கைதான் ஞாபகம் வந்தது. எதைப் பிடித்தாலும் நோகப் பிடிக்கிற கை. அந்தக் கை அவன் கையைப் பிடித்தது, நான் அங்கே இல்லை. அதற்குப் பிறகு வாயில் தண்ணீர் விட்டவனும் புண்ணைத் துடைத்தவனும் அவன்தான். நான் வந்து சேர்ந்தபோது அப்பாவை எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள், வீடு காலியாக இருந்தது.

"என் கையைப் பிடிச்சு அப்படிக் கேட்டிருந்தா, நானும் கூட்டிட்டுத்தான் வந்திருப்பேன்," என்றேன்.

அவனுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் ஆரம்பித்தேன். சொல்லி முடிக்கும்போது அது உண்மை என்று எனக்கே தெரிந்துவிட்டது. அண்ணன் என் தோளில் தலையைச் சாய்த்து, அத்தனை பேர் நடமாடுகிற வராந்தாவில், அப்பா போன அன்றைக்கு அழாத அழுகையைச் சத்தம் போட்டு அழுதான்.